அம்பாசடர் மேனிஃபோல்டுக்கு செராமிக்கா, சில்வர் பெயின்ட்டா: அடித்து ஓட்டிப் பார்த்தபின்

இன்ஜின் ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட் ஊதிவிட்டதால் மேனிஃபோல்டை மறுபடியும் கழற்ற வேண்டி வந்தது. பானட்டைத் திறந்து மேலிருந்து பார்க்கும்போது கோட்டிங் எப்போதும் நன்றாகத்தான் தெரியும். கழற்றித் திருப்பிப் போட்டால்தான் உண்மை தெரியும். செராமிக் அடித்தால் நிற்குமா, சில்வர் பெயின்ட்டே போதுமா என்று கேட்கும் அம்பாசடர்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டி பழைய 1489 சிசி பெட்ரோல். முதலில் சிலிகான் ரெசினில் அலுமினியத் தூள் கலந்த 600 டிகிரி பெயின்ட், அதைச் சுரண்டி எடுத்தபின் காற்றிலேயே இறுகும் கறுப்பு செராமிக். இரண்டும் இதே இரும்பின் மேல் வேலை பார்த்தவை.

செராமிக்கின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்டுக்கு மூன்று வழிதான். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் நடுக்கிளையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஓரக்கிளையில் ஒரு சிலிண்டரின் புகை போகிற நேரத்தில் நடுக்கிளையில் இரண்டின் புகை போகிறது. அதனால் எந்தக் கோட்டிங்கும் முதலில் வெளுப்பது அங்கேதான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு இரண்டாவது கியரிலேயே ஏற்றினாலும் அந்த நடுக்கிளையில் செராமிக் கொஞ்சம்கூட நிறம் மாறவில்லை. அதே இடத்தில் சில்வர் பெயின்ட் மங்கிச் சாம்பலாகி, விரல் வைத்தால் தூளாக ஒட்டிக்கொண்டது. சூடு தாங்குவதில் செராமிக்தான் கெட்டிக்காரன், சந்தேகமே வேண்டாம்.

ஆனால் என் கோபமெல்லாம் ஒரு மூலையின் மேல். கார்புரேட்டருக்கு நேர்கீழே, ஹெட்டோடு சேரும் ஃபிளாஞ்சுக்கும் (நட் போட்டு இறுக்கும் தட்டை விளிம்பு) நடுக்கிளைக்கும் இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. சில்வர் அடித்தபோதும் அங்கேதான் உரிந்தது, செராமிக் அடித்தபோதும் அங்கேதான் உரிந்தது. காரணம் மட்டும் வேறு வேறு.

சில்வர் பெயின்ட் அங்கே சூட்டினால் போகவில்லை, சூடு போதாமல் போனது. சிலிகான் பெயின்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் 200 டிகிரி ஏறி அதில் சற்று நேரம் நின்றால்தான் உண்மையில் வேகும். அதுவரை பெட்ரோலில் கரையும். ‘வண்டியில் மாட்டி ஐடிலில் ஓட்டினால் தானாக வெந்துவிடும்’ என்பது பட்டறைகளில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. கிளைகளுக்கு அது சரி. ஃபிளாஞ்சை ஒட்டிய பகுதி தன் சூட்டையெல்லாம் தண்ணீர் ஓடும் ஹெட்டுக்குக் கொடுத்துவிடும், ஐடிலில் அங்கே பெயின்ட் வேகாது. அதன்மேல், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில் கொஞ்சம் தேய்ந்திருந்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டும். சொட்டின கோடு அப்படியே துருக்கோடாகிவிடும். டின்னில் 600 என்று போட்டிருப்பதை வைத்துச் சண்டை போடுகிறோம். பெயின்ட் தோற்பது 600-இல் அல்ல, 200-ஐத் தொடாத இடத்தில். (அந்தச் சொட்டு நெருப்புக்கும் வழி. நீடிலை மாற்றுங்கள், ஓவர்ஃப்ளோ குழாயை மேனிஃபோல்டைத் தாண்டிக் கீழே இறக்கி விடுங்கள். கோட்டிங்கெல்லாம் அதற்கு அப்புறம்.)

ஆகவே மாட்டுவதற்கு முன்பே அடுப்பில் வேகவைக்க வேண்டும். எங்கள் மதுரையில் கப்பலூரிலோ கே.புதூர் தொழிற்பேட்டையிலோ பவுடர் கோட்டிங் போடுபவர்களிடம் 200 டிகிரி அடுப்பு இருக்கும். கேட்டால் பலர் மறுப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. சிலிகான் ஆவி அடுப்பில் படிந்தால் அடுத்து வரும் கிரில், கேட் வேலைகளில் பவுடர் ஒட்டாமல் குழி குழியாக விழும். வார விடுமுறைக்கு முந்தைய நாள் கடைசி லோடாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள், காலி அடுப்பாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் போதும். கதவைத் திறந்தவுடன் வெளியே இழுக்காமல் உள்ளேயே ஆறவிடச் சொல்லுங்கள்.

செராமிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை, காற்றிலேயே சில நாட்களில் இறுகிவிடும். அது அந்த மூலையில் தோற்றது பிளாஸ்டிங்கால், அதாவது பெயின்டுக்கு முன் காற்றழுத்தத்தில் துகளை வீசி இரும்பைச் சுத்தமாக்கிச் சொரசொரப்பாக்கும் வேலையால். அந்தப் பள்ளத்துக்குள் முனை நேராகப் போகாது; சாய்த்து, திருப்பி, சிறிய முனை போட்டு நிதானமாக அடிக்க வேண்டும். மேலே பளிச்சென்று வெளுத்ததும் ‘முடிந்தது’ என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். சொரசொரப்பு ஏறாத இடத்தில் செராமிக் முட்டை ஓடு போல மொத்தமாகக் கழன்று வருகிறது. கழன்ற சில்லின் பின்பக்கம் பழுப்பாக எண்ணெய்ப்பசை இருந்தது. இவ்வளவு விலை கொடுத்த ஒரு பொருள் ஐந்து நிமிடச் சோம்பலில் வீணாகிறது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எண்ணெயைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். காஸ்ட் அயர்ன் எண்ணெய் குடித்த இரும்பு. டேப்பட் கவர் கேஸ்கட் வருஷக்கணக்காகக் கசிந்த வண்டியில் மேற்பரப்பைத் துடைத்தால் மட்டும் போதாது, சூடேறும்போது உள்ளிருந்து மறுபடி வியர்க்கும். சரியான வரிசை இது: முதலில் டீகிரீஸ் செய்து ஒரு முறை பிளாஸ்ட். பிறகு வெறும் இரும்பை 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுவது, அப்போது புகையும். ஆறியதும் அசிட்டோனால் துடைத்து இரண்டாவது பிளாஸ்ட். உருண்டை ஸ்டீல் ஷாட் வேண்டாம், அது இரும்பைத் தட்டி மழமழப்பாக்கிவிடும். கூர்முனையுள்ள அலுமினியம் ஆக்சைடு துகளோ கார்னெட் துகளோதான். துடைக்கப் பெட்ரோல் கூடாது, எண்ணெய்ப்படலம் விடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அறவே கூடாது, மிச்சம் இருந்து சூடேறினால் விஷவாயு. இரண்டாவது பிளாஸ்டுக்குப் பிறகு வெறுங்கை படாமல் அன்றைக்கே பெயின்ட் ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம், சாயங்காலத்துக்குள் இரும்பு மஞ்சள் பூத்துவிடும். சித்திரை வெயில் உத்தமம்.

ரெட் ஆக்சைடு, பட்டி எதுவும் அடியில் வைக்காதீர்கள், முதல் சூட்டிலேயே கருகி மேலே உள்ளதையும் கூட்டிக்கொண்டு வரும். சில்வர் பெயின்ட் இரண்டு மெல்லிய கோட். இந்த மேனிஃபோல்டுக்கு 100 மில்லியே தாராளம். மெல்லிய என்றால் ஒரு கோட் 25 மைக்ரானுக்குள். இருக்கட்டுமே என்று தடிமனாக அடித்தால் உள்ளே மாட்டிய தின்னர் கொப்புளமாக வெளிவரும். தவிர, ஓர் அடி காஸ்ட் அயர்ன் 400 டிகிரி ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். தடித்த படலம் கூடவே நீளாது, வெடிக்கும். கேஸ்கட் உட்காரும் முகத்தில் டேப் ஒட்டி மறையுங்கள். அங்கே பெயின்ட் இருந்தால் பொடிந்து இடைவெளி விட்டு ஊதும்.

‘பானட் சூடு குறையுமா’ என்ற கேள்விக்கு விற்பவர்கள் ஒரு இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டி நிரூபிப்பார்கள். நம்பாதீர்கள். அலுமினியப் பரப்பு குறைவாகவே கதிர்வீசும், அதனால் துப்பாக்கி உண்மையான சூட்டைவிடக் குறைத்துத்தான் காட்டும். ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு ஹீட் பெயின்டில் பொட்டு வைத்து அந்தப் பொட்டில் அளந்தால் நிஜம் தெரியும். ஆனால் அதே குணம்தான் நமக்கு லாபமும். துருப்பிடித்த இரும்பைவிட, கறுப்பு செராமிக்கைவிட, சில்வர் பரப்பு மேலே உள்ள கார்புரேட்டரை நோக்கி வீசும் வெப்பம் கணிசமாகக் குறைவு. ரிங் ரோட்டில் மத்தியான வெயிலில் ஓட்டிவந்து டீக்கு நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் செல்ஃப் அடிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், பெட்ரோலின் லேசான பகுதிகள் அதற்கும் முன்பே. கறுப்பு செராமிக்கோடு அந்த நேரத்தில் இன்ஜின் முரண்டு பிடித்தது, சில்வரோடு சமாளித்தது. நான் எதிர்பார்க்காத நன்மை இது ஒன்றுதான். முழுத் தீர்வு வேண்டுமானால் கார்புரேட்டருக்கு அடியில் ஒரு தகடும் பேக்கலைட் ஸ்பேசரும் வையுங்கள். 25 மைக்ரான் படலம் எதுவும் சூட்டைத் தடுத்து நிறுத்தும் சுவர் ஆகாது.

என் முடிவு: செராமிக் நல்ல பொருள், சூடு தாங்குவதில் அதற்கு ஈடில்லை, ஆனாலும் மறுபடி நான் அடிக்கப்போவது சில்வர்தான். காரணம் அந்த மூலை. செராமிக் ஓரிடத்தில் உரிந்தால் ஒட்டுப்போட முடியாது, மொத்தத்தையும் மறுபடி பிளாஸ்ட் செய்ய வேண்டும். சில்வரில் கேஸ்கட் மாற்றக் கழற்றும்போதே வயர் பிரஷ், அசிட்டோன், நூறு மில்லி பெயின்ட் என்று முடித்துவிடலாம். கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டி என்றால், பிளாஸ்டிங்கின்போது பக்கத்தில் நிற்க முடியும் என்றால், செராமிக் போடுங்கள்.

எதை அடித்தாலும் மாட்டும்போது ஃபிளாஞ்சை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் லேத் பட்டறையில் முகம் சீவிக்கொள்ளுங்கள். இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் சேர்த்துப் பிடிக்கும் அந்தப் பெரிய வாஷர்கள் இரண்டு ஃபிளாஞ்சிலும் சமமாக உட்கார வேண்டும். பித்தளை நட், 15 பவுண்டு-அடி, நடுவிலிருந்து ஓரத்துக்கு. முதல் சூட்டுக்குப் பின் முழுவதும் ஆறவிட்டு அதே அளவுக்கு ஒரு முறை பிடித்துவிடுங்கள்.