ஒன்றாக உட்கார வைப்பதா, தனித்தனியாகவா?

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் 5, 8, 12 வயதில் இருந்தால் இந்தக் கேள்வி தினமும் வரும்.

அறிவியல், வரலாறு, கதை வாசிப்புக்கு ஒன்றாக இருப்பதே நல்லது என்பேன். எரிமலை என்று ஒரே பாடம்தான். சின்னது படம் வரையும், நடுப்பிள்ளை நாலு வரி எழுதும், மூத்தது விளக்கும்: சுற்றியுள்ள பாறையைவிட மாக்மாவுக்கு (பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்புக்கு) அடர்த்தி குறைவு, அதனால் மேலே வருகிறது. அப்படிச் சொல்லும்போதுதான் மூத்த பிள்ளைக்கே பாடம் பிடிபடுகிறது. அதற்காக அந்தப் பிள்ளையை வீட்டு வாத்தியாராக்கிவிடாதீர்கள். அதன் படிப்பு நேரம் அதற்கே சொந்தம்.

கணக்கும் எழுத்துக்கூட்டி வாசிப்பதும் தனித்தனிதான். கூட்டலே பிடிபடாத பிள்ளைக்குப் பின்னம் எப்படிப் புரியும்? கடைக்குட்டியோடு 15 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அந்தப் பாடத்தை முதலில் முடித்துவிடுங்கள், காத்திருக்கக் கடைக்குட்டிக்குப் பொறுமை இருக்காது.