விதி எழுதப்பட்ட உலகம்: மூன்று மாதிரிகள், எது எந்தக் கதைக்கு?

தலையெழுத்து முன்பே முடிவாகிவிட்ட கற்பனை உலகம் ஒன்றை அமைக்க உட்காருகிறவர்கள், விதியை எழுதுவது தெய்வமா, நட்சத்திரமா, இயந்திரமா என்பதில்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். அதைக் கடைசியில் முடிவு செய்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. முதலில் தீர்க்க வேண்டியவை இரண்டு. எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது? அது யாருக்கு, எப்போது தெரியவரும்? இந்த இரண்டுக்கும் வெவ்வேறு பதில் சொல்லும் மூன்று மாதிரிகள் நமக்கு நன்றாகப் பழக்கமானவை.

முடிவு மட்டும் எழுதப்பட்ட உலகம்

மகாபாரதத்தில் மன்னன் பரீட்சித்துக்குக் கிடைக்கும் சாபம் இந்த வகை. ஏழு நாளுக்குள் நாகராசன் தட்சகன் தீண்டிச் சாவான். கெடுவும் முறையும் உறுதி, வழி மட்டும் திறந்தது. மன்னன் ஒற்றைத் தூண் மாளிகையில் காவலோடு இருக்கிறான். விஷம் இறக்க வரும் காசியபரைத் தட்சகன் பொருள் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறான். காவலைப் பழத்துக்குள் புழுவாகக் கடக்கிறான். தடைகள் இரண்டு, அவை உடையும் விதமும் இரண்டு. கடைசியில் அந்தப் புழுவைக் கழுத்தில் எடுத்து வைத்துக்கொள்வது மன்னனே.

இதையும்விட இறுக்கமானது, தகப்பனைக் கொல்வான் என்று முன்னறிவிக்கப்பட்ட கிரேக்கத்து ஈடிபஸ் கதை. குழந்தையைக் கைவிட்டதால்தான் மகனுக்குத் தகப்பனை அடையாளம் தெரியாமல் போகிறது. தப்பிக்கச் செய்த காரியமே விதிக்கு வழி வெட்டிக் கொடுக்கிறது. ஆகவே முன்னறிவிப்பை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதன் கீழே தப்பிக்கும் முயற்சிகள் மூன்றை எழுதுங்கள். முடிவை நெருங்க வைக்காத முயற்சியை அடித்துவிடுங்கள்.

இங்கே வழக்கமாக வரும் ஓட்டை ஒன்று உண்டு. அறுபது வயதில் சாவான் என்று எழுதப்பட்டவனை இருபதில் யாராலும் கொல்ல முடியாது. வாசகர் இதை இரண்டாம் அத்தியாயத்திலேயே பிடித்துவிடுவார், பதற்றம் போய்விடும். உயிர் போகாது, ஆனால் கால் போகலாம், கண் போகலாம் என்று வைத்தால் பதற்றம் திரும்பும். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துப் போர்முனையில் முதல் வரிசையில் நிறுத்தும் அரசு ஒன்றும் தானாகவே உருவாகும்.

இன்னொன்று: அண்ணன் இருக்கத் தம்பிக்கே அரசாளும் இலக்கணம் என்று நிமித்திகன் (குறி சொல்பவன்) சொன்னதும், சேர இளவரசன் இளங்கோ துறவு பூண்டு அதைப் பொய்யாக்கியதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அருமையான திருப்பம்தான். ஆனால் உங்கள் உலகில் ஒருவர் அப்படித் தப்பினாலும், அங்கே எழுதப்பட்டது வெறும் எச்சரிக்கை ஆகிவிடும்.

ஒவ்வோர் அசைவும் எழுதப்பட்ட உலகம்

இது ஆசீவகம், எல்லாம் விதிப்படியே என்று சொன்ன பழைய இந்தியச் சமயம். அதன் ஆசான் மற்கலி கோசாலரின் உவமை நூலுருண்டை: எறிந்தால் நூல் தீரும்வரை உருண்டு அவிழும், அதுபோல உயிரும் எண்பத்து நான்கு லட்சம் மகாகல்பங்கள் (மிகப் பெரிய கால அளவுகள்) பிறந்து பிறந்து தீரும். முயற்சியால் ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மணிமேகலையில் வரும் ஆசீவகப் பகுதி பிறப்புகளை கருமை, கருநீலம், பச்சை, செம்மை, பொன், வெண்மை என ஆறு நிறமாகப் பிரிக்கிறது.

எழுதக் கடினமானது இதுதான். நாளை இடப்பக்கம் போவாய் என்று படித்தவன் வலப்பக்கம் போனால் உலகமே உடைந்துவிடும். எனவே முன்கூட்டிப் படிக்கும் வசதியை யாருக்கும் கொடுக்காதீர்கள். மாந்தர்கள் தயங்குவதும் பேரம் பேசுவதும் அழுவதும் அந்த உருண்டையின் நூலிலேயே இருப்பவைதான் என்பதால், அவற்றை முழுமனதோடு எழுதலாம்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம், இப்படிப்பட்ட சமூகம் சோர்ந்து கிடக்கும் என்று நினைத்துவிடுவது. ஆசீவகத் துறவிகளோ கடும் நோன்பு நோற்றவர்கள். அசோகர் பீகாரிலுள்ள பராபர் குன்றில் அவர்களுக்குக் குகைகள் கொடுத்திருக்கிறார். புறநானூறு 192-இல் கணியன் பூங்குன்றனார் வேறொரு விளைவைக் காட்டுகிறார். ஆற்று நீரில் மிதக்கும் தெப்பம்போல உயிர் விதியின் வழியே போகும், ஆகையால் ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’. இதை அப்படியே சமூக அமைப்பாக்கிப் பாருங்கள். வென்றவனுக்குச் சிலை இருக்காது, தோற்றவனுக்கு அவமானம் இருக்காது. பரிசு, தண்டனை, வம்சப் பெருமை எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டிவரும். அவ்வளவு வளமான மண் மற்ற இரண்டிலும் இல்லை.

வினைக் கணக்கு எழுதப்பட்ட உலகம்

சிலப்பதிகாரத்தின் வழி. முற்பிறப்பில் பரதன் என்பவனாக இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமனின் மனைவி நீலி சாபமிட்டாள். இதை மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்வது மதுரை எரியும்போது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு. அதற்குள் பொற்கொல்லனின் வஞ்சத்தையும் பாண்டியனின் அவசரத்தையும் நாம் பார்த்துவிட்டோம். பழைய கணக்கை நீக்கினாலும் கதை நிற்கும். உங்கள் கதைக்கும் இந்தச் சோதனையை வையுங்கள். கணக்கை எடுத்ததும் சரிந்தால், மாந்தர்களுக்குச் சொந்தக் காரணங்கள் போதவில்லை.

இதன் பெரிய ஆபத்து, துன்பப்படுகிறவர் எல்லாரும் குற்றவாளிகள் ஆகிவிடுவது. பிறப்பால் ஒருவரைத் தாழ்த்த இந்த வாதம் நிஜ உலகில் பயன்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டு இதைத் தொடக்கூடாது. சிலம்பில் ஊழ் இருந்தும் பாண்டியனுக்கு விலக்கில்லை. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி அவன் வீழ்கிறான்.

சிறுகதைக்கு முதல் மாதிரி, நாவலுக்கு மூன்றாவது. இரண்டாவதை, ஊரையே மையமாக வைத்து எழுதத் துணிகிறவர் எடுக்கட்டும். கலப்பதென்றால் முதலையும் மூன்றையும் கலக்கலாம்: முன்னறிவிப்பு ஊருக்கே தெரியும், அதன் காரணம் கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. அப்போது எந்த அத்தியாயத்தில் யாருக்கு எது தெரியவருகிறது என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எழுதினால், தெரிந்திருக்கக் கூடாத ஒருவர் பாதியில் அதைப் பேசிவிடுவார்.