ரன் நின்னா பரவால்ல, முடிஞ்சா தான் பயம்: எல்எஸ்-டைனாவோட ஒன்பது வருஷம்

ஒன்பது வருஷமா எனக்கு சோறு போடறது எல்எஸ்-டைனா தான், மோதல், வெடிப்பு மாதிரி சமாச்சாரத்தை கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டுப் பாக்கற சாஃப்ட்வேர். முதல் அஞ்சு வருஷம் கார் க்ராஷ், அதுக்கப்புறம் நாலு வருஷமா வெடிப்பு தாங்கற கதவு, சுவர், கவசத் தகடு இந்த மாதிரி வேலை. புதுசா சேர்ற பசங்க எல்லாரும் ஒரே கேள்வி தான் கேக்கறாங்க, ரன் (ஒரு மாடலோட கணக்கு ஓட்டம்) நடுவுல நின்னுடுச்சு என்ன பண்றதுன்னு. அதுக்கு பதில் இருக்கு, கீழ சொல்றேன். ஆனா யாருமே கேக்காத ஒரு கேள்வி இருக்கு, ரன் ஒழுங்கா முடிஞ்சிடுச்சே, இதை நம்பலாமான்னு. என்னோட ஒன்பது வருஷத்துல பெரிய அடி எல்லாம் அங்க தான் விழுந்துது, அதனால அதையே முதல்ல எழுதறேன்.

இந்த சாஃப்ட்வேரோட ஆரம்பம் தெரிஞ்சா நிறைய விஷயம் புரியும். 1976ல அமெரிக்காவோட லாரன்ஸ் லிவர்மோர் லேப்ல ஜான் ஹால்க்விஸ்ட் எழுதின டைனா3டி தான் மூலம். தாழப் பறக்கற விமானத்துல இருந்து போடற அணுகுண்டு தரையில மோதும்போது என்ன ஆகும்னு பாக்கறதுக்காக எழுதினது. அப்புறம் அவரே லேப்பை விட்டு வெளிய வந்து கம்பெனி ஆரம்பிச்சார், 2019ல அதை அன்சிஸ் வாங்கிடுச்சு. ஆக, மோதல், நசுங்கல், கொஞ்ச மில்லி செகண்ட்ல நடந்து முடியற சமாச்சாரம், இதுக்குன்னே பொறந்த கோடு. இன்னிக்கும் இன்புட் ஃபைல் பழைய பஞ்ச் கார்டு வழக்கத்துல தான் இருக்கு, அதுல ஒவ்வொரு தொகுப்புக்கும் கார்டுன்னு தான் பேர், ஒரு வரிக்கு எட்டு கட்டம், கட்டத்துக்கு பத்து எழுத்து. ஒரு எண் ஒரு எழுத்து தள்ளிப் போனா பக்கத்து கட்டத்துல விழுந்து வேற எண்ணா மாறிடும், சில சமயம் எந்த எரரும் வராது. டெக்ஸ்ட் எடிட்டர்ல டேப் அடிக்கற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க.

ஓட்டம் முடிஞ்சதும் திரையில எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு 'நார்மல் டெர்மினேஷன்'னு வரும். அதைப் பாத்தா ஒரு நிம்மதி. நாலு வருஷம் முன்னாடி வெடிப்பு வேலைக்கு வந்த புதுசுல ஒரு ஸ்டீல் கதவு மாடல், எல்லா ரன்னும் நார்மல் டெர்மினேஷன், அனிமேஷன் அழகா இருக்கு, ஆனா டெஸ்ட்ல கதவு நடுவுல எவ்வளவு வளைஞ்சுதோ அதை விட எங்க மாடல்ல கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு வளையுது. மூணு வாரம் போச்சு. லோடு அதிகமா இருக்கோன்னு பாத்தோம், மெஷ்ஷை, அதாவது மாடலைச் சின்னச் சின்ன எலிமென்ட்டா வெட்டின வலையை, பாதி அளவாக்கினோம், கீல் பக்கம் கான்டாக்ட்டை (பாகங்க ஒண்ணை ஒண்ணு தொடற கணக்கை) மாத்தினோம், ஒண்ணும் நடக்கல. கடைசில வெறுத்துப் போய் ஒரே ஒரு எலிமென்ட்டை வெச்சு அதை வேகமா இழுத்து ஸ்ட்ரெஸ் என்ன வருதுன்னு பாத்தேன். அங்க தான் மாட்டிச்சு.

மெட்டீரியல் கார்டுல ஸ்ட்ரெயின் ரேட்டுக்கு (எவ்வளவு வேகமா உருமாறுதுங்கறதுக்கு) ஏத்த மாதிரி ஸ்டீலோட வலிமையைக் கூட்டற கௌப்பர்-சைமண்ட்ஸ் எண்கள் போட்டிருந்துச்சு, மைல்ட் ஸ்டீலுக்கு எல்லா புத்தகத்துலயும் இருக்கற அதே 40.4, 5. எண் சரி தான். ஆனா அந்த 40.4 'ஒரு செகண்டுக்கு'. எங்க மாடல் கிலோகிராம், மில்லிமீட்டர், மில்லி செகண்ட் யூனிட்ல ஓடுது, அங்க அது 0.0404னு இருக்கணும். வேற ப்ராஜெக்ட்ல இருந்து கார்டை அப்படியே எடுத்துட்டு வந்ததுல வந்த வினை. செகண்டுக்கு 100ங்கற ரேட்ல சரியான எண் போட்டா ஸ்டீலோட யீல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கற ஸ்ட்ரெஸ்) சுமார் 2.2 மடங்கு ஏறணும், தப்பான எண்ணுக்கு 1.3 மடங்கு தான் ஏறும். அதாவது எங்க கதவு இருக்க வேண்டியதை விட ரொம்ப மெத்துனு இருந்திருக்கு. சாஃப்ட்வேர் மேல குத்தமே இல்ல, அதுக்கு யூனிட்டுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது, நீங்க குடுக்கற எண்ணை எடுத்துக்கும் அவ்வளவு தான். அன்னிலேர்ந்து எந்த மெட்டீரியல் கார்டு யார் குடுத்தாலும் ஒரு எலிமென்ட் டெஸ்ட் போடாம பெரிய மாடலுக்குள்ள விடறதில்ல. அஞ்சு நிமிஷ வேலை.

சரி, நின்னு போற ரன்னுக்கு வருவோம். இதுல பெரும்பாலும் சாஃப்ட்வேரே எந்த எலிமென்ட், எந்த நோட்னு (எலிமென்ட்டோட மூலைப் புள்ளி) நம்பர் சொல்லிடும், மெசேஜ் ஃபைலைத் திறந்து பாக்கற பொறுமை தான் வேணும். ரொம்ப பேர் பாக்கறது நெகட்டிவ் வால்யூம். ஃபோம், ரப்பர் மாதிரி மெத்துனு இருக்கறது அளவுக்கு மேல நசுங்கி எலிமென்ட் உள்பக்கம் வெளிபக்கமா திரும்பிடறது. உடனே டைம்ஸ்டெப்பை (கணக்கு ஒரு படிக்கு நகர்ற நேரத்தை) குறைக்க ஓடுவாங்க, சில நேரம் அது வேலை செய்யும், ஆனா என் அனுபவத்துல முக்காவாசி நேரம் நோய் ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின் கர்வ்ல இருக்கு. டெஸ்ட் டேட்டா 0.7, 0.8 ஸ்ட்ரெயினோட நின்னுடும், அதுக்கு மேல சால்வர் (கணக்கு போடற பகுதி) கடைசி சரிவையே நீட்டிக்கிட்டு போகும். நிஜத்துல ஃபோம் அந்த அளவுக்கு நசுங்கினா உள்ள காத்தறை எல்லாம் மூடி கெட்டியாகி செங்குத்தா ஏறணும். அந்த ஏத்தத்தை நீங்களே 0.95, 0.99 வரைக்கும் கர்வ்ல வரைஞ்சு குடுத்தா பாதி பிரச்சனை ஓடிடும். அதுக்கும் அடங்கலன்னா கான்டாக்ட் இன்டீரியர் கார்டு இருக்கு, அது எலிமென்ட் தனக்குள்ளயே மடங்காம பாத்துக்கும்.

அடுத்தது நோட் ராக்கெட் மாதிரி பறக்கறது, வெலாசிட்டி அவுட் ஆஃப் ரேஞ்ச்னு ரன் செத்துடும். இதுக்கு என் வழி ஒண்ணு தான், அது செத்த நேரத்துக்கு கொஞ்சம் முன்னாடி எண்ட் டைம் வெச்சு, பிளாட்டை நெருக்கமா எழுத வெச்சு திரும்ப ஓட்டறது. பறக்கற நோட் எங்கேர்ந்து கிளம்புதுன்னு கண்ணால பாத்துடலாம். அனேகமா ஆரம்பத்துலயே ரெண்டு தகடு ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து இருக்கும், இல்ல ஒரே நோட்ல ரிஜிட் பாடியும் (வளையாத பாகம்) வேற கன்ஸ்ட்ரெயின்ட்டும் (அசைவுக்குக் கட்டுப்பாடு) சேந்து மாட்டியிருக்கும்.

டைம்ஸ்டெப் பத்தி சொல்லாம இருக்க முடியாது, ஏன்னா பணமும் நேரமும் அங்க தான் கரையுது. எக்ஸ்ப்ளிசிட் முறையில, அதாவது சின்னச் சின்ன நேரப் படியா முன்னேறற கணக்குல, ஒரு எலிமென்ட்டை ஒலி அலை கடக்கற நேரத்தை விட ஒரு படி பெருசா இருக்கக் கூடாது. ஸ்டீல்ல அலை செகண்டுக்கு 5000 மீட்டருக்கு மேல ஓடும், 5 மில்லிமீட்டர் எலிமென்ட்டுக்கு வழக்கமான 0.9 பாதுகாப்பு எண்ணோட சேத்து 0.8 மைக்ரோ செகண்ட் சொச்சம் வரும். 100 மில்லி செகண்ட் க்ராஷுக்கு 1,20,000 படி. ஏதோ ஒரு மூலையில அரை மில்லிமீட்டர் எலிமென்ட் ஒண்ணே ஒண்ணு ஒளிஞ்சிருந்தா மொத்த மாடலும் அதோட வேகத்துக்கு இறங்கிடும், பத்து மடங்கு நேரம். அதனால தான் மாஸ் ஸ்கேலிங்னு அந்த சின்ன எலிமென்ட்டுக்கு எடையைக் கூட்டி ஓட்டறோம். இதுல ஒரு எச்சரிக்கை, மொத்த மாடல்ல ஒரு சதவீதம் தான் கூடியிருக்குன்னு திருப்திப்படாதீங்க. ஒரு தடவை மொத்தம் ஒண்ணரை சதவீதம் தான் காட்டுச்சு, ஆனா அது முழுக்க ஒரு சின்ன பிராக்கெட் மேல குவிஞ்சு அதோட எடை ரெண்டு மடங்காயிருந்துது, அந்த பிராக்கெட் தான் நாங்க அளக்க வேண்டிய பாகமே. பாகம் பாகமா பாருங்க, ரன் முடியற நேரத்து எண்ணையும் பாருங்க, நசுங்க நசுங்க எலிமென்ட் சின்னதாகி எடை கூடிக்கிட்டே போகும்.

அவர்கிளாஸ் எனர்ஜி அடுத்த திருடன். வேகத்துக்காக ஒரே இன்டக்ரேஷன் பாயின்ட் (ஸ்ட்ரெஸ்ஸைக் கணக்கு பண்ற புள்ளி) வெச்ச எலிமென்ட் போடறோம், அது சில விதமா கோணலா நெளிஞ்சா எந்த எதிர்ப்பும் காட்டாது, மெஷ் பூரா கோணி ஊசித் தையல் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு தெரியும். அதை அடக்க சால்வர் போடற செயற்கை விசைக்கு செலவாகற எனர்ஜி, உள் எனர்ஜில 10 சதவீதத்துக்கு கீழ இருக்கணும்ங்கறது எல்லாரும் பிடிச்சுக்கற அளவு. கன்ட்ரோல் எனர்ஜி கார்டுல எச்ஜென்ங்கற கட்டத்துல 2 போடலன்னா அந்த எனர்ஜியை அது கணக்கே பண்ணாது, நீங்க பாட்டுக்கு சைபர்னு நெனச்சு சந்தோஷப்படுவீங்க. இதை எத்தனை பேரோட மாடல்ல பாத்திருக்கேன்னு கணக்கில்ல. க்ராஷ் மாதிரி வேகத்துக்கு நான் அவர்கிளாஸை அடக்கற வகைல டைப் 4ஐ சின்ன கோஎஃபிஷியன்ட்டோட, 0.05 போல வெச்சுக்கறேன். வெடிப்புல காத்துக்கு அது ஆகவே ஆகாது, அங்க டைப் 1ஐ ரொம்ப ரொம்பச் சின்ன எண்ணோட போடணும்.

கான்டாக்ட்டுக்கும் இதே வைத்தியம், ஸ்லைடிங் எனர்ஜி கோட்டைப் பாருங்க. உராய்வு இருந்தா கொஞ்சம் கொஞ்சமா மேல போகும், அது சரி. திடீர்னு நெகட்டிவ்ல குதிச்சா எங்கயோ ஒரு தகடு இன்னொண்ணுக்குள்ள மாட்டி இருக்குன்னு அர்த்தம். மெத்து ஃபோம் மேல ஸ்டீல் மோதற இடத்துல கான்டாக்ட் கார்டுல சாஃப்ட் கட்டத்துல 1 போட்டா பெரும்பாலும் அடங்கிடும்.

இப்ப வெடிப்பு. இதுல ரெண்டு பாதை இருக்கு, ரெண்டுலயும் நான் அடி வாங்கியிருக்கேன். சுலபமான பாதை லோட் பிளாஸ்ட் என்ஹான்ஸ்டு. 1984ல கிங்கரி, புல்மாஷ் ரெண்டு பேரும் சோதனை டேட்டாவை வெச்சு எழுதின ஃபார்முலால இருந்து அழுத்தத்தை நேரா தகடு மேல போட்டுடும், காத்தையே மாடல் பண்ண வேணாம், நிமிஷத்துல முடியும். ஆனா எலிமென்ட்டோட நார்மல் (அதோட முகம் நோக்கற திசை) வெடிமருந்தைப் பாத்து இருக்கணும், இல்லன்னா வர்ற அழுத்தமே தப்பு. தரையை ஒட்டி வெடிக்கறதா, ஆகாயத்துல வெடிக்கறதாங்கறது ஒரே ஒரு எண், அதை மாத்திப் போட்டா லோடே மாறிடும். முக்கியமா, ஒரு சுவருக்குப் பின்னாடி மறைஞ்சு இருக்கற தகட்டுக்கும் சுவரே இல்லாத மாதிரி அழுத்தம் குடுத்துடும், மறைப்புன்னா அதுக்குத் தெரியாது. ரூமுக்குள்ள வெடிக்கற கேஸுக்கு இதை வெச்சு ரிப்போர்ட் எழுதாதீங்க, அங்க பட்டுப் பட்டுத் திரும்பற அலைங்க தான் எல்லாத்தையும் நாசம் பண்ணும்.

இன்னொரு பாதை ஏஎல்ஈ, காத்து, வெடிமருந்து எல்லாத்தையும் மெஷ் பண்ணி ஓட்டறது. நாள் கணக்குல ஓடும். முதல் மாடல்ல ஒரு வினோதம் பாத்தேன், வெடிப்பு அலை இன்னும் பாதி தூரம் கூட வரல, அதுக்குள்ள தகடு பின்பக்கமா மெதுவா வளைய ஆரம்பிச்சிருச்சு. ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளிப் பாத்தேன், அலை தொடறதுக்கு முன்னாடியே நடுவுல வளைவு தெளிவா தெரியுது. காரணம் என்னன்னா தகடுக்கு முன்னாடி காத்து இருக்கு, அதுக்கு சாதாரண வாயுமண்டல அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல் குடுத்திருக்கேன், பின்னாடி காத்து மெஷ்ஷே வெக்கல, அங்க வெறும் வெற்றிடம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தகடுன்னா அது 10 டன் பாரம் சாய்ச்சு வெச்ச மாதிரி, வளையாம என்ன செய்யும். பின்பக்கமும் காத்து வெச்சதும் தகடு அலை வர்ற வரைக்கும் ஆடாம நின்னுச்சு. மெஷ்ஷோட வெளி எல்லையிலயும் இதே கதை தான், கன்ட்ரோல் ஏஎல்ஈ கார்டுல பிரெஃப் (எல்லையில இருக்கற அழுத்தம்) போடலன்னா காத்து பாட்டுக்கு எல்லை வழியா வெளிய ஓடிடும். தகடு வழியா காத்து கசியறது தனிக் கொடுமை, அதுக்கு கப்ளிங் பாயின்ட் (காத்தையும் தகட்டையும் இணைக்கற புள்ளி) எண்ணிக்கையைக் கூட்டிப் பாத்துட்டு தான் மத்த நாப்பைத் திருகணும்.

கான்கிரீட் சுவர்ல ஓட்டை விழறதைக் காட்ட எலிமென்ட்டை அழிக்கற எரோஷன் பத்தி மட்டும் மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். அது இயற்பியல் இல்ல, கணக்கு ஓடறதுக்கு ஒரு வசதி. ஒரே சுவரை 20 மில்லிமீட்டர் மெஷ்லயும் 10 மில்லிமீட்டர் மெஷ்லயும் அதே எரோஷன் எண்ணோட ஓட்டினேன், ஓட்டையோட அளவே வேற. எலிமென்ட் அழிஞ்சா அதோட எனர்ஜியும் கணக்குல இருந்து போகுது. கஸ்டமருக்கு படம் அழகா இருக்கணும்னு எரோஷனைத் திருகறவங்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே கோவம் வரும், அந்த சுவருக்குப் பின்னாடி ஆள் உக்காரப் போறாங்க.

கே அண்ட் சி கான்கிரீட் மாடல், அதாவது மேட் 72 ஆர்3, வலிமையை மட்டும் குடுத்தா மத்த எண்ணை அதுவே போட்டுக்கும், ரொம்ப உபயோகம், ஆனா உள்ள கணக்கு இன்ச்லயும் பிஎஸ்ஐலயும் நடக்குது, அதனால மில்லிமீட்டர், மெகாபாஸ்கல்ல ஓட்டறவங்க 0.03937, 145ன்னு ரெண்டு மாத்து எண் போட மறக்கக் கூடாது.

சின்னச் சின்ன உபயோகமான விஷயம் ரெண்டு. ரன் ஓடும்போது கன்ட்ரோல்-சி அடிச்சு எஸ்டபிள்யூ2 குடுத்தா எங்க இருக்குன்னு சொல்லும், எஸ்டபிள்யூ4 குடுத்தா அந்த நேரத்துப் படத்தை எழுதிட்டு தொடர்ந்து ஓடும், பாதி வழியிலயே தப்பைப் பிடிச்சுடலாம். அப்புறம் எம்பிபில (பல கோர்ல பிரிச்சு ஓட்டற பதிப்பு) கோர் எண்ணிக்கையை மாத்தினா ரிசல்ட்டும் கொஞ்சம் மாறும், அது பக் இல்ல, கூட்டற வரிசை மாறறதால வர்றது. ஆனா கொஞ்சத்துக்கு பதிலா நிறைய மாறிச்சுன்னா உங்க மாடல் விளிம்புல நிக்குதுன்னு அர்த்தம், மடங்கற விதமே ரெண்டுல ஒண்ணா தடுமாறிக்கிட்டு இருக்கும்.

கத்துக்கலாமான்னா, கண்டிப்பா. மேனுவல் தடி தடியா இருக்கும், ஆனா ஒவ்வொரு கார்டுக்கும் கடைசில இருக்கற ரிமார்க்ஸ் பகுதி தங்கம், எனக்கு பாதி விடை அங்க தான் கிடைச்சுது. லைசென்ஸ் இல்லாம வீட்ல பழகணும்னா 2022ல ஆல்டேர் ஓப்பன் சோர்ஸா விட்ட ஓப்பன்ரேடியாஸ் இருக்கு, டைனா இன்புட் ஃபைலையும் ஓரளவு படிக்கும், எக்ஸ்ப்ளிசிட்டோட குணம் பழகறதுக்கு தாராளமா போதும்.

இதை எழுதற நேரத்துல ஒரு கதவு மாடல் க்யூல ஓடிக்கிட்டு இருக்கு, காலைல முடியும். ஜிஎல்ஸ்டாட்ல (மொத்த மாடலோட எனர்ஜி ஃபைல்) எனர்ஜி ரேஷியோ ஒண்ணை ஒட்டி இருக்கா, மேட்சம்ல (பாகம் பாகமா எனர்ஜி காட்டற ஃபைல்) கீல் பாகத்தோட அவர்கிளாஸ் எவ்வளவுன்னு ரெண்டையும் பாத்துட்டு தான் அனிமேஷனைத் திறப்பேன். போன ரன்ல கீல் மட்டும் 14 சதவீதம் காட்டுச்சு, அதைத் தான் இப்ப முழு இன்டக்ரேஷன் எலிமென்ட்டுக்கு மாத்தி விட்டிருக்கேன்.