விற்கப் போகும் வீட்டுக்கு டிஸ்டம்பரா, எமல்ஷனா?

விலை: டிஸ்டம்பர் (மாவு போன்ற சுவர்ப் பூச்சு) எமல்ஷனைவிட (துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய சுவர் பெயிண்ட்) மலிவு. ஆனால் பெயிண்டர் கூலியில் பெரிய வித்தியாசம் இருக்காது. பழைய பூச்சைச் சுரண்டும் வேலை இல்லையென்றால் மிச்சம் சரக்கில் மட்டும்தான்.

தாக்குப்பிடிப்பு: டிஸ்டம்பர் சுவரை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் திட்டாக மங்கும். எமல்ஷன் தாங்கும்.

வேலை: பழைய டிஸ்டம்பர் மேல் மறுபடி அதையே அடிப்பது எளிது. உதிர்வதைத் தேய்த்து, ஓட்டைகளில் பட்டி (அடைக்கும் மாவு) வைத்து, 2 கோட். எமல்ஷனுக்கு முதலில் பழைய மாவுப்பூச்சு முழுவதையும் சுரண்ட வேண்டும். பிறகு பட்டி, உப்புத்தாள், தூசி துடைப்பு, ஒரு கோட் பிரைமர் (அடிப்பூச்சு), 2 கோட் பெயிண்ட். கோட்டுக்கு இடையே 4 மணி நேரமாவது விடுங்கள். சுரண்டாமல் அடித்தால் சில மாதத்தில் தாள் தாளாக உரியும்.

ஓதம்: இரண்டுமே மறைக்காது. கசிவை அடைத்து, உப்புப் பூத்த இடத்தைக் கொத்திப் பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகே பிரைமர். விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பதே குளியலறைக்கு அடுத்த சுவரின் அடிப்பகுதியைத்தான்!

வாங்குபவர் இடித்துக் கட்டப்போகும் பழைய வீடென்றால் டிஸ்டம்பர்கூட வீண்செலவு. காலி வீடு, உடனே விலை பேசி முடிய வேண்டும் என்றால் டிஸ்டம்பர் போதும். குழந்தைகளோடு குடியிருந்துகொண்டே மாதக்கணக்கில் ஆட்களுக்குக் காட்டுவதானால் வெளிர் நிற எமல்ஷன். ஹாலுக்கும் வாசல் பக்கத்துக்கும் மட்டும் அடித்தாலும் சரி.