வேலூர் வெயில்ல ரைசன் 7 5800எக்ஸ், ஏசி இல்லாத ரூம்ல சில கோடை ஓட்டின அனுபவம்

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக ஏஎம்டியோட ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசசர் போட்ட மெஷின் ஓட்டிட்டு இருக்கேன், ஊரு வேலூர், ரூமுக்கு நேர் மேல மொட்டை மாடி, ஏசி கிடையாது. எங்க தொழில்ல முகூர்த்த சீசன் சித்திரை வைகாசில தான் களை கட்டும், கத்திரியும் அதே நேரம் தான், வெளிய 40 டிகிரிய தாண்டுற நாள்ல தான் நைட்டு பகலா எக்ஸ்போர்ட் ஓடணும். "ப்ராசசர் 90 டிகிரி தொடுது, எந்த கூலர் வாங்கலாம்"னு நிறைய பேர் கேக்குறாங்க, எனக்கு இதுல உறுதியான ஒரே பதில் தான்: மொதல்ல வாட்ட குறைங்க, அடுத்து ரூம கவனிங்க, அதுக்கும் மேல தேவைப்பட்டா மட்டும் கூலருக்கு காசு போடுங்க.

ஏன்னு சொல்றேன். பெட்டில 105 வாட்னு போட்டிருந்தாலும் இந்த ப்ராசசர் ஃபுல் லோட்ல 142 வாட் வரைக்கும் இழுக்கலாம், பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது போற செட்டிங் பக்கம்) பிபிடினு இருக்குறது அந்த லிமிட் தான். எட்டு கோரும் ஒரே சிப்லெட்ல, அதாவது ப்ராசசருக்குள்ள இருக்குற ஒரே குட்டி சிப்ல இருக்கு, அதோட பரப்பு சுமார் 80 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்துல பாதி இருக்கும். அவ்ளோ சின்ன இடத்துலேந்து சூட்டுல பெரும்பகுதி வெளிய வரணும், மேல எவ்ளோ பெரிய கூலர் உக்காந்தாலும் அந்த இடத்துல நெரிசல் தான். 5900எக்ஸ்க்கும் அதே 142 வாட் தான் ஆனா ரெண்டு சிப்லெட்டா பிரிஞ்சிருக்குறதால அத குளிர வைக்குறது சுலபம். 5800எக்ஸ்க்கு 90 டிகிரி தான் உச்ச வரம்பு, அங்க போனா தானே ஸ்பீட குறைச்சிக்கும், கருகிடாது, அதனால ஒரு தடவ 90 பாத்துட்டு பதற வேணாம். ஆனா மே மாசம் முழுக்க அங்கயே நின்னா ஸ்பீடும் போகும், ஃபேன் சத்தத்துல ஆடியோ கேட்டு எடிட் பண்ணவும் முடியாது.

கூலர் சூட்ட அழிக்காது, ப்ராசசர்லேந்து எடுத்து ரூம் காத்துல விடும், அவ்ளோதான் அதோட வேலை. டிசம்பர்ல 28 டிகிரி இருக்குற ரூம் மே மாசம் 38 ஆச்சுன்னா ப்ராசசர் ரீடிங்கும் கிட்டத்தட்ட அதே 10 டிகிரி ஏறும், காத்துல ஓடுற கூலரா இருந்தாலும் சரி, 360 லிக்விட் கூலரா இருந்தாலும் சரி. கடையில என்னையும் லிக்விட் தான் போட சொன்னாங்க, நான் போடல, ஏன்னா 142 வாட் ப்ராசசரும் 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டும் சேந்து ஓடும்போது 300 வாட் ஹீட்டர ரூம்ல வெச்ச மாதிரி தான், அந்த சூட்ட எந்த வழியா தள்ளினாலும் என் தலைக்கு மேல தான் சுத்தும்.

அதனால ஈகோ மோட், ப்ராசசர் இழுக்குற வாட்ட குறைக்குற செட்டிங். பயாஸ்ல ஏஎம்டி ஓவர்க்ளாக்கிங் பக்கத்துல இருக்கும், போர்டுக்கு போர்டு இடம் மாறும், 65 வாட்னு வெச்சா பிபிடி 88 ஆயிடும். எனக்கு ஒரு மணி நேரம் ஓடுற எக்ஸ்போர்ட் நாலஞ்சு நிமிஷம் கூடுது, ஆனா சூடு காட்டுற எச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேர்ல பாத்தா மத்தியானம் 90ல ஒட்டிட்டு இருந்தது 75 பக்கம் நிக்குது, சாதாரண 120 எம்எம் டவர் கூலர் தான் இன்னமும். 54 வாட் குறையுதுன்னா பத்து மணி நேரத்துக்கு அர யூனிட் கரண்ட், அதே அளவு சூடு ரூமுக்குள்ள வரல, எனக்கு பெரிய நிம்மதி இது தான். இதோட பயாஸ்ல கர்வ் ஆப்டிமைசர்ங்கிற செட்டிங்ல மைனஸ் 15 வெச்சிருக்கேன், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், மைனஸ் 30 வரைக்கும் போகலாம் ஆனா எல்லா சிப்பும் தாங்காது, லோட் இல்லாம சும்மா இருக்கும்போது திடீர்னு ரீஸ்டார்ட் ஆச்சுன்னா அதிகமா போயிட்டீங்கனு அர்த்தம், அஞ்சு அஞ்சா சைபர் பக்கம் திருப்பி கொண்டு வாங்க. கிராபிக்ஸ் கார்டுக்கும் ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல பவர் லிமிட் 80 சதவீதம்.

அடுத்தது ரூம். காங்கிரீட் தளம் பகல் முழுக்க சூட்ட குடிச்சிட்டு ராத்திரி தான் கக்கும், அதனால எங்க ரூம்ல மோசமான நேரம் சாயங்காலம் ஏழுலேந்து பத்து வரைக்கும், பெரிய எக்ஸ்போர்ட்ட விடியகாலைல போடுறது தான் புத்திசாலித்தனம். போன பங்குனியில மாடில சுண்ணாம்பு ரெண்டு கோட் அடிச்சோம், ரூம் நல்லாவே இறங்குச்சு, மெஷினும் கூடவே இறங்குச்சு, காசுக்கு இத விட பிரயோஜனமான கூலிங் நான் பாக்கல. தண்ணி ஊத்துற ஏர் கூலர் வேலூர் மாதிரி காஞ்ச ஊருக்கு நல்லா வேல செய்யும், ஜன்னல் தொறந்திருக்கணும், ஈரக்காத்து நேரா கேபினெட் மேல அடிக்க கூடாது. சென்னைல காத்துலயே ஈரம் இருக்குறதால அவ்ளோ பலன் இருக்காது.

தூசி பத்தி எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சொல்றேன், கோடை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ப்ளோயர்ல ஒரு தடவ ஊதுங்க, ஊதும்போது ஃபேன் ரெக்கைய விரலால புடிச்சிக்கோங்க, இல்லன்னா கன்னாபின்னானு சுத்தி பேரிங் போயிடும். சைடு பேனல கழட்டி டேபிள் ஃபேன் வெக்கிறது உடனே பலன் தரும், அவசரத்துக்கு ஓகே, ஆனா ஒரே மாசத்துல ஹீட்சிங்க் நடுவுல பஞ்சு மாதிரி அடைச்சிடுது. அதுக்கு பதிலா முன்னாடி கண்ணாடி மூடி இல்லாம வலை வெச்ச கேபினெட் எடுங்க.

புதுசா மெஷின் போடுறவங்க, ஏசி இல்லாத ரூம்னா 7700எக்ஸ் பக்கம் போகாம எக்ஸ் இல்லாத ரைசன் 7 7700 பாருங்க, அதுவும் எட்டு கோர் தான், பெட்டிலேந்து எடுக்கும்போதே பிபிடி 88 வாட், ரெய்த் ப்ரிசம் கூலரும் கூடவே வருது. கூலருக்கு வெச்ச காச ரேமுக்கு போடலாம்.