அட்டிக்கில் ஃபோம் போர்டா, ஊதிப் போடும் செல்லுலோஸா?

டொராண்டோ பக்கம் பழைய வீடு வாங்கியவர்கள் குளிர் நெருங்கும்போது மாட்டிக்கொள்ளும் கேள்வி இது: வீட்டுச் சூடு வெளியேறாமல் இருக்க, கூரைக்கடியில் உள்ள அட்டிக்கில் கெட்டியான ஃபோம் பலகை பதிப்பதா, காகிதக் கூழ்த் துகளான செல்லுலோஸை மெஷினால் ஊதிப் பரப்புவதா?

தடுப்புத் திறன் (வெப்பத்தைத் தடுக்கும் அளவுதான் ஆர் மதிப்பு, கூடினால் நல்லது): எக்ஸ்பிஎஸ் என்ற ஃபோம் போர்டு ஓர் அங்குலத்துக்கு ஆர்-5, செல்லுலோஸ் ஏறக்குறைய ஆர்-3.5. ஆனால் அட்டிக்கில் உயரத்துக்கா பஞ்சம்? ஆர்-60 வேண்டுமா, 17 அங்குலம் கொட்டிவிட்டால் சரி.

செலவு: அதே ஆர் மதிப்புக்குப் போர்டுதான் கூடுதல், அதுவும் நன்றாகவே.

வேலை: போர்டை ஒவ்வொரு கட்டைக்கும் இடையில் அளந்து வெட்டி, ஓரமெல்லாம் ஸ்ப்ரே ஃபோம் அடித்து அடைக்க வேண்டும், நடுவில் ஒயரும் குழாயும் குறுக்கிட்டால் போச்சு, இடுக்கு விட்டால் போட்ட பணமும் காற்றோடு போகும். செல்லுலோஸுக்கு வாடகை மெஷின், இரண்டு பேர், ஆளுக்கொரு மாஸ்க்.

ஆயுள்: போர்டு ஈரத்துக்கு அசையாது. செல்லுலோஸ் நாளடைவில் கொஞ்சம் அமுங்கும், கூரை ஒழுகினால் கட்டிதட்டும்.

தீ விஷயத்தில் போர்டை வெறுமனே விடாதீர்கள், பொதுவாக மேலே ட்ரைவால் (ஜிப்சம் பலகை) போட்டு மூட வேண்டும். செல்லுலோஸில் பொதுவாகத் தீயைத் தடுக்கும் போரேட் உப்பு கலந்தே வரும்.

என் கணக்கில் வெறும் அட்டிக் தளத்துக்குச் செல்லுலோஸ். சாய்கூரைக்கு அடியில் அறை கட்டுகிறீர்கள், இடம் குறைவு என்றால் போர்டு. அட்டிக்குக்குள் ஏறும் வழியின் மூடிக்குப் பின்பக்கத்துக்கும் அதுதான். எதைப் போட்டாலும் முதலில் சீலிங் ஓட்டைகளை அடையுங்கள், கூரை ஓரத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் சாஃபிட் காற்றுவழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.