எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்க எது சரி: நண்டு ரத்தமா, நொதியா, ஒளிரும் மூலக்கூறா?

ஊசி மருந்தில் பாக்டீரியா செத்துவிட்டால் மட்டும் போதாது. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு, அதாவது எண்டோடாக்சின், 121 டிகிரி செல்சியஸ் ஆட்டோகிளேவுக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும். கண்ணாடிக் குப்பிகளிலிருந்து அதை ஒழிக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் வரும். அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. ஊசி மருந்துக்கான நீரில் அனுமதி ஒரு மில்லிலிட்டருக்கு 0.25 எண்டோடாக்சின் அலகுதான். 10 அலகு சேர்ந்தால்தான் ஏறத்தாழ 1 நானோகிராம்.

பழைய முறை எல்.ஏ.எல். சோதனை, அதாவது நண்டு ரத்த அணுச் சாற்றால் செய்வது. குதிரைலாட நண்டின் ரத்தம் பாக்டீரியாவைக் கண்டதும் உறைவதை 1956-இல் ஃபிரெட்ரிக் பேங் என்ற ஆய்வாளர் எழுதினார். ஜாக் லெவினும் அவரும் 1960-களில் அதைச் சோதனையாக வளர்த்தார்கள். எளிய வடிவத்தில் மாதிரியையும் நண்டு ரத்த அணுச் சாற்றையும் சமமாகக் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, குழாயை அப்படியே தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். உறைந்த கட்டி வழுக்காமல் நின்றால் நச்சு இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் குழாயை ஆட்டிவிட்டால் கட்டி உடைந்துவிடும், சோதனை வீண். பூஞ்சைகளிலும் செல்லுலோஸ் வடிகட்டிகளிலும் வரும் பீட்டா-குளுக்கான் இதை ஏமாற்றவும் செய்யும்.

அந்த ஏமாற்றத்துக்குத் தீர்வு ரீகாம்பினன்ட் ஃபாக்டர் சி, அதாவது மரபணுவை வைத்து ஆய்வகத்தில் செய்த நண்டு நொதி. நண்டு ரத்தத்தில் எண்டோடாக்சினை முதலில் உணரும் நொதியின் மரபணுவை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் குளோன் செய்தார்கள். எண்டோடாக்சின் ஒட்டியதும் நொதி விழித்துக்கொண்டு, ஒளிராத ஒரு பெப்டைடை வெட்டி கூமரின் சாயத்தை விடுவிக்கும். 380 நானோமீட்டர் ஒளி பட்டால் அது 440-இல் நீலமாக ஒளிரும். குளுக்கான் பாதையே இதில் கிடையாது, நண்டும் வேண்டாம். மருந்துத் தர விதிகளைச் சொல்லும் ஐரோப்பிய மருந்து நூல் 2021 முதல் இதற்குத் தனி இயல் வைத்திருக்கிறது. ஒளிர்வை அளக்கும் கருவி வேண்டும் என்பதுதான் செலவு.

அப்புறம் மூன்றாவது வகை, ஆய்விதழ்களில் அடிக்கடி தலைகாட்டும் வேதி உணரிகள். எண்டோடாக்சினின் நச்சுப் பகுதியான லிப்பிட் ஏ-யில் எதிர்மின் சுமையுள்ள பாஸ்பேட்டுகளும் கொழுப்பு வால்களும் உண்டு. நேர்மின் சுமையும் நீரை வெறுக்கும் பகுதியும் கொண்ட சாயம் இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளும். டெட்ராஃபீனைல்எத்திலீன் சாயங்கள் எனக்குப் பிடித்தவை: தனியாக நீரில் மிதக்கையில் வளையங்கள் சுழன்று ஆற்றலை வெப்பமாகக் கரைத்துவிடும், எண்டோடாக்சின் மேல் கூடி நெருக்கியதும் சுழல இடமின்றிப் பளிச்சென்று ஒளிரும். சில நிமிடங்களில் விடை. நொதியைப் போல இந்தச் சாயத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘ஒரு நானோமோலார் (கரைசலின் செறிவை மூலக்கூறு எண்ணிக்கையில் சொல்லும் அலகு) வரை உணரும்’ என்றால் கேட்கப் பிரமாதமாக இருக்கும். எண்டோடாக்சினின் மூலக்கூறு எடை 10,000 டால்டன் என்று வைத்துக்கொண்டால் அது ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம், சுமார் 100 அலகு. ஊசி நீரின் வரம்பைவிட 400 மடங்கு! நொதி ஒருமுறை விழித்தால் ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளும். நல்ல நொதிச் சோதனை 0.005 அலகு வரை இறங்குவது அதனால்தான். சாயத்துக்கோ ஒட்டினால்தான் ஒளி, பெருக்கம் என்று எதுவும் இல்லை. போதாததற்கு ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), டி.என்.ஏ., ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) என எதிர்மின் சுமையுள்ள எதைக் கண்டாலும் அது மயங்கலாம். உப்பு கூடினால் பிடி தளரும்.

ஆகவே மருந்தை வெளியே அனுப்பும் முன் செய்யும் சோதனைக்கு என் ஓட்டு ஃபாக்டர் சி-க்குத்தான். ஒளி அளக்கும் கருவி இல்லாத இடத்தில் கட்டி முறையே போதும். எண்டோடாக்சினில் ஒட்டும் புது மருந்துகளைச் சலித்தெடுக்க வேதி உணரிதான் கெட்டிக்காரன். போடிப்பி-கடாவெரின் சாயத்தை லிப்பிட் ஏ-யில் ஒட்டவைத்து, எந்த மருந்து அதைத் தள்ளிவிடுகிறது என்று ஒளி மாற்றத்தில் பார்ப்பது அங்கே வழக்கமான உத்தி. புது உணரி பற்றிய கட்டுரை கையில் கிடைத்தால், சுத்த நீரில் எடுத்த வரைபடத்தை விட்டுவிட்டு, உப்புக் கரைசலிலும் சீரத்திலும் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) எடுத்த வரைபடம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒளி கூடும் வகையா, குறையும் வகையா என்பதையும் பாருங்கள். குறையும் வகையில் வேறெந்த அழுக்கு ஒளியை அணைத்தாலும் நச்சு என்றே காட்டும்.